வலி போன பிறகும் வீக்கம் இருந்தால்

விரையில் வலியோ வீக்கமோ வந்தால் நம் ஆண்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது தெருமுனை மருந்துக்கடையில்தான். அங்கே பெண் ஊழியர் இருந்தால் இன்னொரு கடை தேடுவார்கள். ‘உடம்புச் சூடு’, ‘நீர்க்கடுப்பு’ என்று சுற்றிவளைத்துச் சொல்லி, ஐந்து நாளுக்கு ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். வலி தணியும். வீக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது தானாக வற்றிவிடும் என்று விட்டுவிடுவார்கள்.

பெரும்பாலோருக்கு உண்மையிலேயே வற்றிவிடும். அவர்களுக்கு வந்தது எபிடிடைமிஸ் அழற்சி. கிருமித்தொற்றால் வருவது, மருந்தில் கேட்பது. ஆனால் அதே வலியோடும் வீக்கத்தோடும் வரும் இளைஞர்களில் ஒரு சிலருக்கு உள்ளே இருப்பது விரைப் புற்று. இந்த இரண்டையும் முதல் நாளே தொட்டுப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அனுபவமுள்ள மருத்துவர்களுக்கே சில சமயம் முடியாது. வலி குறைந்ததா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வீக்கம் முழுவதும் மறைந்ததா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எது எங்கே இருக்கிறது

ஒவ்வொரு விரையின் பின்புறத்திலும், மேலிருந்து கீழ்வரை, மெத்தென்ற ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் எபிடிடைமிஸ். நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் ஒரே ஒரு மெல்லிய குழாய், அந்தச் சின்ன இடத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. விரையில் உண்டாகும் விந்தணுக்கள் இதன் வழியாக மெல்ல நகரும்போதுதான் முதிர்ந்து, நீந்தும் திறன் பெறுகின்றன. இதன் வால்பகுதியிலிருந்து கிளம்பும் விந்துநாளம் கவட்டி வழியாக வயிற்றுக்குள் ஏறி, புராஸ்டேட் சுரப்பியைத் துளைத்துச் சிறுநீர்த்தாரையில் திறக்கிறது. சிறுநீர்ப் பாதையில் உள்ள கிருமி இதே வழியில் எதிர்த்திசையில் இறங்கி வருவதால்தான் எபிடிடைமிஸ் அழற்சி உண்டாகிறது. ஆகவே முதலில் வீங்குவது விரையின் பின்புறம்; குறிப்பாக அடிப்பக்கம்.

புற்று பிறப்பதோ விரையின் சதைக்குள். தொடக்கத்தில் இரண்டையும் பிரித்தறிய உதவுவது இந்த இட வேறுபாடுதான். வெந்நீரில் குளித்து முடித்ததும் விரைப்பை தளர்ந்திருக்கும். அப்போது இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே விரையை மெதுவாக உருட்டிப் பாருங்கள். உரித்த அவித்த முட்டையைப் போல வழவழப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே பதமாக இருக்க வேண்டும். பின்புறம் தட்டுப்படும் மெத்தென்ற மேடு எபிடிடைமிஸ்; அதையே கட்டி என்று பயந்து ஓடிவருபவர்கள் நிறையப் பேர். ஒரு விரை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும், இடது விரை கொஞ்சம் தாழ்ந்து தொங்குவதும் இயல்பு. விரையின் மேலேயே, அதன் சதையோடு சேர்ந்து, பயறு அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்கள் எல்லோரும் மாதம் தவறாமல் இப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2011இல் அதைப் பரிந்துரைக்க மறுத்தது. தேவையற்ற பயமும் பரிசோதனைகளும்தான் மிஞ்சும் என்பது காரணம். ஆனால் தன் உடம்பு இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் மாறுதல் வந்தால் தெரியும்.

ஆறு மணி நேரம்

தொற்றா புற்றா என்று யோசிப்பதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது: விரை முறுக்கு. விரையைத் தாங்கும் தண்டு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது இது. பெரும்பாலும் 12 முதல் 18 வயது வரையிலான பையன்களுக்கு வரும். எந்த வயதிலும் வரலாம். தூக்கத்திலிருந்து வலியால் துடித்து எழுவார்கள், வாந்தி வரும், அந்தப் பக்க விரை மேலே ஏறி, குறுக்காகத் திரும்பியிருக்கும். எபிடிடைமிஸ் அழற்சியின் வலி ஒரு நாள், இரண்டு நாள் என்று ஏறிக்கொண்டே போகும். முறுக்கின் வலி எத்தனை மணிக்கு வந்தது என்று நோயாளியாலேயே சொல்ல முடியும்.

ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். ஆகவே பையன் விடியற்காலை மூன்று மணிக்கு விரை வலி என்று சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்துப் பார்க்காதீர்கள். 108ஐ அழைத்து, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்காகக்கூட அறுவையைத் தள்ளிப்போட மாட்டார்கள். வழியில் சாப்பாடு, காபி எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க அது தடையாகும். வெட்கத்தினால் பையன் ‘வயிற்று வலி’ என்று மட்டும் சொல்வான். வயிற்று வலி என்று அழும் பையனிடம் கீழேயும் வலிக்கிறதா என்று அப்பாவோ அம்மாவோ கேட்டுவிட வேண்டும்.

கிருமி எங்கிருந்து வந்தது

எபிடிடைமிஸ் அழற்சியின் போக்கு கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் வலி, பின்புறம் தொட்டால் சுரீர் என்று இருக்கும், ஓரிரு நாளில் விரையும் சேர்ந்து வீங்கி, விரைப்பைத் தோல் சிவந்து சூடாகும். சிலருக்குக் குளிர்காய்ச்சல், நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர், குறியிலிருந்து வெள்ளை அல்லது மஞ்சள் கசிவு. விரைப்பையைக் கையால் தாங்கிப் பிடித்தால் வலி சற்றுக் குறையும் என்பார்கள்; ஆனால் முறுக்கு இல்லை என்று சொல்ல அதை மட்டும் நம்பக் கூடாது.

எந்தக் கிருமி என்பது வயதையும் வாழ்க்கையையும் பொறுத்தது. 35 வயதுக்குக் கீழ் உள்ள, உடலுறவில் ஈடுபடும் ஆண்களுக்கு அதிகம் காரணமாவது கிளமிடியாவும் கொனோரியாவும். கிளமிடியா ஓசையில்லாமல் இருக்கும்; நோயாளிக்கும் துணைக்கும் வேறு எந்த அறிகுறியும் இல்லாமலே இருக்கலாம். வயது கூடியவர்களுக்கு பெரும்பாலும் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள்: புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தேங்குபவர்கள், சிறுநீர்க் குழாய் செருகியிருந்தவர்கள், அண்மையில் சிறுநீர்ப்பை உள்நோக்கல் செய்துகொண்டவர்கள். ஆசனவழி உறவில் ஈடுபடும் இளைஞர்களுக்கும் குடல் கிருமிகள் காரணமாகலாம். இதை மருத்துவரிடம் மறைத்தால் தவறான மருந்துதான் கிடைக்கும். கதவைச் சாத்திவிட்டு, கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள். சொல்வது உங்கள் நடத்தைக்கான சாட்சியம் இல்லை. எந்த மருந்து எழுதுவது என்பதற்கான தகவல்.

பொன்னுக்குவீங்கி வந்த வாலிபர்களுக்கு, தாடை வீங்கி நான்கைந்து நாள் கழித்து விரையும் வீங்கக்கூடும். அது வைரஸ், ஆன்டிபயாடிக் பயன்படாது, ஓய்வும் வலி மருந்தும்தான். இதயத் துடிப்பு ஒழுங்குக்காக அமியோடரோன் மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்கள் சிலருக்குக் கிருமியே இல்லாமல் எபிடிடைமிஸ் வீங்குவதும் உண்டு. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவம்: மாத்திரைக்கு முன்னால்

ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் சிறுநீர் மாதிரி கொடுத்துவிட வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நம் நாட்டில் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி சிப்ரோஃபிளாக்சசின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போய்விட்டது. கொனோரியாவும் அதற்கு அடங்குவதில்லை. மருந்துக்கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அதே வகை மாத்திரை. அந்தச் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யாமல் சாப்பிட்டால், குணமாகாதபோது மருந்து தவறா, நோயே வேறா என்று யாருக்கும் தெரியாமல் போகும். புற்றைக் கண்டுபிடிப்பது பல மாதம் தள்ளிப்போவது இந்தக் குழப்பத்தில்தான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் உலகம் முழுவதும் பலர் பின்பற்றுவது. பாலுறவால் வந்த தொற்று என்று கருதினால், செஃப்ட்ரியாக்சோன் 500 மில்லிகிராம் ஒரே ஊசி, அதோடு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும் 10 நாள். குடல் கிருமி மட்டுமே என்று கருதினால் லெவோஃபிளாக்சசின் 500 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, 10 நாள். இரண்டுக்கும் வாய்ப்பிருந்தால் ஊசியும் லெவோஃபிளாக்சசினும். நம் ஊரில் கல்ச்சர் முடிவைப் பார்த்து மருத்துவர் மாற்றி எழுதுவார். அளவுகளை இங்கே கொடுத்திருப்பது நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக இல்லை. உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, பத்து நாள் மருந்தை ஐந்தாம் நாள் நிறுத்தாமல் இருப்பதற்காக.

டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். வாய் நனைத்துப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண் ஆக்கிவிடும். பால், சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கான மருந்து ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சேராது. வெயிலில் வேலை செய்பவர்கள் தோல் கருகாமல் மறைத்துக்கொள்ள வேண்டும். லெவோஃபிளாக்சசின் சாப்பிடும்போது குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணில் வலி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் அந்த நாண் அறுந்துபோகும் ஆபத்து அதிகம்.

வலிக்கு மருந்தைவிடத் தாங்கல் பெரிது. முதல் இரண்டு மூன்று நாள் படுத்திருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி விரைப்பைக்கு அடியில் வைத்து உயர்த்துங்கள். எழுந்து நடக்கும்போது இறுக்கமான ஜட்டி. தாத்தாக்கள் கட்டிய கோவணம் இதற்கு இன்னும் நல்லது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். தோலில் நேராக வைக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கழற்சிக்காயும் விளக்கெண்ணெயும் விரைவீக்கத்துக்கு வழிவழியாகப் பயன்படுபவை என்று தெரியும். பற்றுப் போட்டால் கிருமி போகாது, புற்றும் போகாது, நாள்தான் போகும்.

பாலுறவால் வந்த தொற்று என்றால் துணைக்கும் சேர்த்து மருத்துவம் செய்ய வேண்டும். அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவு கொண்டவர்களைப் பார்க்கச் சொல்கிறது மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டுதல். மனைவிக்குச் சொல்லாமல் தான் மட்டும் மருந்து சாப்பிடுபவருக்கு நோய் திரும்பி வரும்; மனைவிக்கோ கருக்குழாய் அடைத்துக் குழந்தையின்மை வரைக்கும் போகலாம். இருவரும் மருந்தை முடித்து, தொந்தரவு நீங்கும்வரை உறவு கூடாது. எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையையும் அதே வேளையில் செய்துவிடுங்கள். இவை எல்லாம் அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இலவசம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விரைப்பைத் தோல் கருத்து, நாற்றம் வந்து, பார்ப்பதற்குத் தெரியும் அளவைவிட வலி மிக அதிகமாக இருந்தால் அது சதை அழுகும் நோய். மணிக்கு மணி பரவும். நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூன்று நாள், பிறகு ஆறு வாரம்

சரியான மருந்து தொடங்கியபின் மூன்று நாளுக்குள் காய்ச்சலும் வலியும் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லையென்றால் நாலாம் நாள் திரும்பப் போங்கள். சீழ் கட்டியிருக்கலாம், கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம், நோயே வேறாக இருக்கலாம்.

குறைந்தால்? அங்கேதான் பெரும்பாலோர் காணாமல் போகிறார்கள். வலி ஒரு வாரத்தில் போய்விட்டாலும் வீக்கம் வற்றச் சில வாரங்கள் ஆவது இயல்பு. அந்த இயல்பே ஆபத்தாகவும் முடிகிறது. ‘கொஞ்சம் தடிப்பு இருக்கத்தான் செய்யும்’ என்ற ஆறுதலில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. 28 வயது இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். புற்றுக்கட்டிக்குள் சிறிது ரத்தம் கசிந்து வலி வந்தது. ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வலி மாத்திரை தன் வேலையைச் செய்தது, ரத்தக்கசிவும் அடங்கியது. ஆன்டிபயாடிக் கேட்டுவிட்டது என்று அவரும் நம்புகிறார், அவரைப் பார்த்தவரும் நம்புகிறார். விரைப் புற்று வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படி வலியே முதல் அறிகுறி. ‘வலித்தால் புற்று இல்லை’ என்ற ஊர்ப்பேச்சு இத்தனை உயிரோடு விளையாடக் கூடாது.

எனவே மருந்து எழுதும் நாளிலேயே ஆறு வாரம் கழித்து வர வேண்டிய தேதியைக் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அன்று வீக்கம் துளியும் இல்லை, விரை முழுக்கக் கைக்கு வழவழப்பாகத் தட்டுப்படுகிறது என்றால் கவலை விட்டது. தடிப்பு ஏதாவது மிச்சமிருந்தால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ‘இன்னும் ஒரு கோர்ஸ் மாத்திரை போட்டுப் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால், ‘அதற்கு முன்னால் ஸ்கேன் பார்த்துவிடலாமா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

சில நிலைமைகளில் ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலும் இல்லை, நீர்க்கடுப்பும் இல்லை, சிறுநீரில் சீழ் அணுக்களும் இல்லை, விரை மட்டும் கனத்துக் கெட்டியாக இருக்கிறது. பிறந்தபோது விரை கீழிறங்காமல் இருந்து பின்னர் அறுவை செய்தது. அண்ணன் தம்பிக்கோ அப்பாவுக்கோ விரைப் புற்று வந்திருந்தது. மார்புக் காம்பின் அடியில் வீக்கம். காரணம் தெரியாத முதுகுவலி, இருமல். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல் நாளே ஸ்கேன்.

ஸ்கேன் என்ன சொல்லும்

டாப்ளர் ஸ்கேன் என்பது ஒலியலையால் பார்ப்பது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. எபிடிடைமிஸ் தடித்து அதில் ரத்த ஓட்டம் கூடியிருந்தால் அழற்சி. விரையில் ரத்த ஓட்டமே இல்லாவிட்டால் முறுக்கு. விரையின் சதைக்குள் கருமையாக ஒரு கட்டி தெரிந்தால் வேறு ஏதாவது என்று நிரூபிக்கப்படும்வரை அது புற்று. ஆனால் அழற்சி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் விரைக்குள் தெரியும் கருமை வீக்கமா கட்டியா என்று சொல்ல முடியாமல் போகலாம். அப்படியானால் மருந்து முடிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். முதல் ஸ்கேனின் அறிக்கையையும் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விடை கிடைக்கும்.

விரையைச் சுற்றி நீர் கோத்த ஓதத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது, வெறும் நீர்தான் என்று விட்டுவிடுவது வயதானவர்களுக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். இளைஞர்களுக்கு அந்த நீருக்குள் இருக்கும் விரையையும் ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்; புற்றைச் சுற்றியும் நீர் கோக்கும்.

சந்தேகம் வலுத்தால் ரத்தத்தில் மூன்று குறியீடுகள் பார்ப்பார்கள்: ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். இவற்றில் எச்.சி.ஜி. பெண்களின் கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் அதே ஹார்மோன். சில விரைப் புற்றுகள் அதைச் சுரக்கின்றன. அளவு கூடியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும். இயல்பாக இருந்தால் புற்று இல்லை என்று ஆகாது. பல நோயாளிகளுக்கு மூன்றுமே இயல்பாக இருக்கும்.

ஊசி போட்டுக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது உடம்பின் மற்ற இடங்களில் வழக்கம். விரைப்பை வழியாக அதைச் செய்யக் கூடாது. விரையின் நிணநீர் ஓடுவது வயிற்றின் பின்புறம், பெருந்தமனியை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்கு. விரைப்பைத் தோலின் நிணநீர் ஓடுவது கவட்டிக்கு. தோலைத் துளைத்து ஊசி போட்டால் புற்றணுக்களுக்குப் புதுப் பாதை திறந்துவிட்டதாகும். புற்று என்று சந்தேகித்தால் கவட்டியில் கீறி, விரையை அதன் தண்டோடு எடுப்பதுதான் முறை. விரைப்பையில் ஊசி குத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீரியல் நிபுணர் இன்னொருவரிடம் கருத்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் மண்ணின் இரண்டு நோய்கள்

மேலைநாட்டு நூல்கள் இரண்டு வரியில் கடந்துபோகும் இரண்டு நோய்களை நாம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று காசநோய். எபிடிடைமிஸில் வரும் காசம் பெரும்பாலும் அதிகம் வலிக்காது, மெதுவாகக் கெட்டியாகும், விந்துநாளம் மணி கோத்ததுபோல் முண்டு முண்டாகத் தட்டுப்படும், சிலருக்கு விரைப்பையின் பின்புறம் புரையோடிச் சீழ் வடியும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கும், சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளராது. இதுவும் கெட்டி, புற்றும் கெட்டி என்பதால் காசத்தைப் புற்று என்று நினைத்து விரையை எடுத்துவிடுவதும் நடக்கிறது. லெவோஃபிளாக்சசின் காசக்கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. காசம் இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் சில நாள் குணமானதுபோல் தோன்றும். பரிசோதனையில் கிருமி சிக்காமல் நழுவிவிடும். வீட்டில் யாருக்காவது காசம் இருந்தது, எடை குறைகிறது, மாலையில் காய்ச்சல் வருகிறது என்றால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். குறைந்தது ஆறு மாதம் கூட்டு மருந்து. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

மற்றொன்று யானைக்கால் புழு. ஊர் ஊராக மாத்திரை கொடுத்ததில் தமிழ்நாட்டில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் அது பரவியிருந்த பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குக் காய்ச்சலோடு விரைத்தண்டு வீங்கி வலிப்பதும், பிறகு ஓதம் வைப்பதும் இன்னும் பார்க்கக்கூடியது. ஸ்கேனில் சில சமயம் உயிருள்ள புழுக்கள் நெளிவதே தெரியும். இரவில் எடுத்த ரத்தத்தில்தான் இதன் நுண்புழுக்கள் அகப்படும்.

புற்று என்றே ஆனால்

இந்தியாவில் விரைப் புற்று அரிது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் பத்துப் பேர் அளவில் வருவது, இங்கே ஒரு லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. அரிது என்பதாலேயே இங்கே சந்தேகிக்கத் தாமதமாகிறது. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருகிறது. 60 தாண்டியவர்களுக்கு விரையில் கட்டி வந்தால் அது பெரும்பாலும் லிம்போமா என்ற வேறு வகை. கிரிக்கெட் பந்து பட்டதால் புற்று வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அடிபட்டதால் தொட்டுப் பார்த்தார்கள், ஏற்கெனவே இருந்த கட்டி தெரிந்தது, அவ்வளவுதான்.

புற்றுகளிலேயே நன்றாகக் குணமாவது இது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1970களின் தொடக்கம்வரை, உடம்பில் பரவிவிட்ட விரைப் புற்றிலிருந்து மீண்டவர்கள் மிகச் சிலர். 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் மின்னோட்டம் பாக்டீரியாவை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்தபோது, பிளாட்டினம் கம்பியிலிருந்து கரைந்து வந்த பொருள் ஒன்று செல் பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து சிஸ்பிளாட்டின். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார். நுரையீரல்வரை பரவிய புற்று கரைந்தது. இன்று எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 95 பேர் அளவில் பிழைக்கிறார்கள்.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் விரை வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டு, 1996இல் 25 வயதில் மருத்துவரிடம் போனபோது புற்று வயிறு, நுரையீரல், மூளை வரை போயிருந்தது. அப்படியும் பிழைத்தார். நம் யுவராஜ் சிங்குக்கு வந்தது விரையில் இல்லை, நெஞ்சுக்கூட்டில், இரண்டு நுரையீரல்களுக்கு நடுவே. ஆனால் விரையில் வரும் செமினோமா என்ற அதே வகைப் புற்று. அவருக்கு மருத்துவம் பார்த்தவரும் ஐன்ஹார்ன்தான். 2012 செப்டம்பரில் யுவராஜ் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் ஆட வந்தது சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில்.

அறுவை என்றதும் இளைஞர்கள் மனதில் எழும் கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நானே பதில் சொல்கிறேன். மற்ற விரை நலமாக இருந்தால் ஆண்மைக்கும், உடலுறவுக்கும், தாடி மீசைக்கும், பெரும்பாலும் குழந்தைப் பேற்றுக்கும் அது ஒன்றே போதும். வேண்டுமானால் சிலிக்கான் விரை பொருத்திக்கொள்ளலாம். கீமோ கொடுப்பதற்கு முன்னால் மட்டும் விந்தணுக்களைச் சேமித்து வைக்க வேண்டும்; அதை மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேட்க வேண்டும், கீமோ தொடங்கிய பின் கேட்டுப் பயனில்லை. பரவாத கட்டியாக இருந்தால் பலருக்கு அறுவையே போதும். அதன்பின் சில ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் தவறாமல் போக வேண்டும்.

எங்கே போவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறுநீரியல் பிரிவு அல்லது அறுவைப் பிரிவு. சீட்டுப் போடும் இடத்தில் எல்லோர் முன்னும் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. ‘யூராலஜி’ என்று மட்டும் சொன்னால் போதும். உள்ளே போனதும், ‘விரை வீங்கியிருக்கிறது, எத்தனை நாளாக, வலி உண்டு அல்லது இல்லை’ என்று நேராகச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதினால், ‘ஒரு தடவை பார்த்துவிடுங்கள், டாக்டர்’ என்று கேளுங்கள். புற்று உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகலாம்.

இதைப் படிக்கும் உங்களுக்கு, முன்பு எப்போதோ மருந்து சாப்பிட்டு வலி போய், தடிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது என்றால், அடுத்த வேலைநாளிலேயே போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் சொல்லத் தயங்குவதை நீங்கள் கேட்டுவிடுங்கள்.